கத்திரிச் செடியை அறுத்தது யார்?

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய பேச்சு)

இன்றைக்கு உங்களோடு ஒரு வண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வண்டைப் பற்றிப் பேச என்னங்க இருக்குது? கொல்றதுக்கு ஒரு மருந்து சொல்லுங்க, போதும்" என்று நீங்கள் சொல்லலாம். அப்படித்தான் ஒரு விவசாயியும் என்னிடம் சொன்னார். அவர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, திருமழிசையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவருக்கு நிலம். அரை ஏக்கரில் கத்திரி நடவு செய்திருந்தார். நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பத்துச் செடி, பதினைந்து செடி தரையோடு தரையாக அறுபட்டுக் கிடக்கிறது. மறுநாளும் அப்படியே. கோபத்தோடு மண்வெட்டியை எடுத்து, அறுபட்ட செடிக்குப் பக்கத்தில் கிளறினார். ஒரு வளை தெரிந்தது. வளைக்குள் கன்னங்கரேலென்று ஒரு வண்டு. வாயிலே இரண்டு கொடுக்கு, கத்திரிக்கோலை விரித்தாற்போல.

ஒரு டப்பா நிறைய அந்த வண்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "ஐயா, கையும் களவுமாப் பிடிச்சிட்டேன். வாயைப் பாருங்க, செடியை அறுக்கவே படைச்ச மாதிரி இருக்குது. நாளைக்குக் காலையில குருணை வாங்கி நிலம் பூராவும் தூவிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஒரே ஒரு ராத்திரி பொறுங்கள்" என்று சொன்னேன்.

அவர் நிலத்துக்கே போனோம். அறுபட்ட செடிகளைச் சுற்றி ஒரு அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறிப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில், கொழுகொழுவென்று சில புழுக்கள் அகப்பட்டன. தொட்டவுடன் வளையம் போலச் சுருண்டுகொண்டன. மூன்று மண்சட்டி எடுத்து, மூன்றிலும் ஈர மண் நிரப்பி, ஆளுக்கொரு கத்திரி நாற்று நட்டோம். முதல் சட்டியில் வண்டு மட்டும். இரண்டாவது சட்டியில் புழு மட்டும். மூன்றாவது சட்டியில் புழுவும் வண்டும் சேர்த்து. மேலே ஈரத்துணி கட்டித் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

காலையில் துணியை அவிழ்த்தோம். வண்டு மட்டும் இருந்த சட்டியில் நாற்று நிமிர்ந்து நின்றது. ஓர் இலையில்கூடக் கடி இல்லை. புழு மட்டும் இருந்த சட்டியில் நாற்று அடியோடு அறுந்து கிடந்தது. இரண்டும் இருந்த மூன்றாவது சட்டியில் நாற்று நின்றது. புழுவைத் தேடினால் தலையும் கொஞ்சம் தோலும்தான் மிச்சம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரனையா ஐயா நான் டப்பாவுல அடைச்சேன்?" என்றார்.

ஆமாம், அதுதான் நடந்தது. செடியை அறுத்தது வெட்டுப்புழு. அதைத் தேடி வந்தது வண்டு. திருட்டு நடந்த இடத்தில் நின்றதால் வண்டின் மேல் பழி விழுந்தது. இந்தத் தப்பு அவர் ஒருவர் நிலத்தில் மட்டும் நடப்பதல்ல.

யார் இந்த வண்டு?

இது தரை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் சுமார் 40,000 வகைகள் உண்டு. பெரும்பாலானவை தரையிலே ஓடித் திரிந்து மற்றப் பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்பவை. அவற்றிலே மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழும் ஓர் இனத்துக்கு 'ஸ்காரிட்டிஸ்' என்று பெயர். டென்மார்க் நாட்டுப் பூச்சி அறிஞர் பேப்ரீசியஸ் 1775-ல் இட்ட பெயர் இது. நம் நாட்டில் இந்த இனத்தில் பல வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு நம் தேசத்தின் பேரையே சேர்த்து 'ஸ்காரிட்டிஸ் இன்டஸ்' என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டாம். 'தோண்டும் தரை வண்டு' என்று சொன்னால் போதும்.

இதை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது இடுப்பு. முன்னுடம்புக்கும் பின்னுடம்புக்கும் நடுவே, உடுக்கையின் நடுப்பாகம் போல, ஒடுங்கிய இடுப்பு இருக்கும். காண்டாமிருக வண்டுக்கோ, வேப்பமரத்தில் வந்து மொய்க்கும் பழுப்பு வண்டுக்கோ இப்படி இடுப்பு கிடையாது. அவை உருண்டு திரண்டு இருக்கும்.

இரண்டாவது வாய். தலைக்கு முன்னால் இரண்டு கொடுக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். நுனி கூர்மை. இது இரையைக் குத்திப் பிடிக்கிற வாய். தழை தின்கிற வாய் அல்ல.

மூன்றாவது முன்னங்கால். அகலமாய், ஓரத்தில் பல் வைத்தாற்போல் இருக்கும். வரப்பைக் குடைகிற பிள்ளைப்பூச்சியின் முன்னங்காலைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே வேலை, அதே மாதிரி ஆயுதம்.

நான்காவது நிறம். முழுக் கறுப்பு, எண்ணெய் தடவினாற்போல் பளபளப்பு. நீளம் வகைக்குத் தக்கபடி ஒன்றரை சென்டிமீட்டரிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும்.

வளைக்குள் வாழ்க்கை

பகலில் இந்த வண்டைப் பார்ப்பது கடினம். கல்லுக்கு அடியில், விழுந்து கிடக்கிற பனை மட்டைக்கு அடியில், வரப்பு ஓரத்தில், ஏரிக்கரையின் ஈர மண்ணில் வளை தோண்டிக்கொண்டு இருக்கும். மணல் கலந்த, கொஞ்சம் ஈரப்பதம் உள்ள மண் என்றால் இதற்கு இஷ்டம். வெயில் சுட்டெரிக்கிற நேரத்தில் மேல் மண் காய்ந்தாலும், ஒரு சாண் கீழே போனால் குளுமையும் ஈரமும் இருக்கும். அந்தக் குளுமைதான் அதற்கு வீடு.

பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். சில வேளை வளை வாசலிலேயே உட்கார்ந்து, அந்தப் பக்கமாகப் போகிற புழு பூச்சியைப் பிடிக்கும். சில வேளை தேடிப் போகும். ராத்திரியில் மேய வருகிற வெட்டுப்புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறப் போகிற கம்பளிப்பூச்சி, வண்டுகளின் இளம்புழு எல்லாம் இதற்கு உணவு. நீங்களும் நானும் தூங்குகிற நேரத்தில் உங்கள் நிலத்துக்கு நடக்கிற காவல் இது.

பிரான்சு தேசத்தில் ஃபாப்ர் என்று ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் இருந்தார். 1823-ல் பிறந்து 1915 வரை வாழ்ந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, தோட்டத்தில் உட்கார்ந்தே பூச்சிகளைக் கவனித்துப் புத்தகம் புத்தகமாக எழுதினவர். அவர் அந்த நாட்டுக் கடற்கரை மணலில் வாழ்கிற பெரிய ஸ்காரிட்டிஸ் வண்டை வீட்டில் வளர்த்துப் பார்த்தார். வளையின் வாசலில் ஓர் அகன்ற திண்ணை போல இடம் வைத்திருக்குமாம் அந்த வண்டு. மரத்தில் கத்துகிற சில்வண்டைப் பிடித்து அதன் முன் போட்டார். தன் உடம்புக்குக் குறையாத அந்தச் சில்வண்டைக் கொடுக்கால் பிடித்து, பின்னாலேயே நடந்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதோடு விடவில்லை. மேலே வந்து வாசலை மண்ணால் அடைத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்ததாம்.

செத்தது போலக் கிடக்கும்

இந்த வண்டிடம் ஒரு வேடிக்கையான குணம் உண்டு. கையில் எடுத்து உருட்டினால், அல்லது கீழே போட்டால், காலை மடக்கி, உடம்பை விறைத்துக்கொண்டு செத்த பிணம் போலக் கிடக்கும். செத்துவிட்டது என்று நாம் திரும்பினால், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடும். ஃபாப்ர் இதையும் பொறுமையாக மணி பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார். இருபது நிமிடம்வரை, சில வேளை அதற்கும் மேலே, அசையாமல் கிடந்ததாம்.

எதிரியை ஏமாற்றவே இப்படிக் கிடக்கிறது என்று பலர் சொன்னார்கள். ஃபாப்ர் ஒப்புக்கொள்ளவில்லை. சாவு என்றால் என்னவென்றே தெரியாத பூச்சி சாவை எப்படி நடிக்கும், இது ஒரு வகை மயக்கம் என்று வாதித்தார். ஆனால் மயக்கமாகவே இருந்தாலும் அதனால் வண்டுக்கு ஆதாயம் உண்டு. அசைகிற இரையைத் தேடுகிற பறவையும் தவளையும் அசையாத பொருளை விட்டுவிட்டுப் போய்விடும். நமக்கு இதிலே ஒரு பாடம்: மருந்து தெளித்த பிறகு விறைத்துக் கிடக்கிற வண்டெல்லாம் செத்ததும் அல்ல, ஓடுகிற வண்டெல்லாம் பிழைத்ததும் அல்ல.

முட்டையிலிருந்து வண்டு வரை

தரை வண்டுகள் மண்ணுக்குள்ளேதான் முட்டையிடும். முட்டை பொரித்து வருகிற புழுவும் இரைதின்னிதான். பெரும்பாலான தரை வண்டுகளின் புழு மூன்று பருவங்களைக் கடக்கும். பிறகு மண்ணுக்குள்ளே ஒரு சின்ன அறை கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். பல வகைகளுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். பெரிய தரை வண்டுகளில் பல ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழ்பவை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி ஒன்றே ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக் கூடியது. முட்டையிலிருந்து மறுபடி அந்துப்பூச்சியாக அதற்கு ஒரு மாதம் போதும். வண்டுக்கோ ஒரு தலைமுறை வளர ஓர் ஆண்டு. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

நல்ல புழு எது, கெட்ட புழு எது?

மண்வெட்டியால் கிளறும்போது அகப்படுகிற புழுவையெல்லாம் 'வேர்ப்புழு' என்று நசுக்கிவிடுவது நம் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள்.

வேரைத் தின்கிற வெள்ளைப் புழு பருமனாக, வெளுப்பாக இருக்கும். தலை மட்டும் பழுப்பு. தரையில் விட்டால் வில் போல வளைந்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். வேகமாக ஓடத் தெரியாது. நிலக்கடலை, கரும்பு வேர்களைத் தின்பது இதுதான். எருக்குழியில் கட்டைவிரல் பருமனுக்கு இதே உருவத்தில் கிடக்கிற புழு காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து பறந்துபோய் உங்கள் தென்னங்குருத்தைக் குடையப் போவது அதுதான்.

தரை வண்டின் புழு அப்படி இருக்காது. நீளமாக, ஒல்லியாக, நேராக இருக்கும். உடம்பின் மேல்பக்கம் பழுப்பு அல்லது கறுப்புத் தகடு போலத் தெரியும். முன்னால் ஆறு கால். தலையில் முன்னோக்கி நீட்டிய கொடுக்கு. வால் பக்கம் பெரும்பாலும் இரண்டு முள் போல நீட்டம். கிளறிவிட்டால் விறுவிறுவென்று ஓடி மண்ணுக்குள் நுழையும். சுருக்கமாகச் சொன்னால், வளைந்து படுத்துக் கிடப்பது வேர் தின்னி. நேராக ஓடுவது வேட்டைக்காரன்.

சொந்தக்காரர்கள் சிலர்

தோண்டும் தரை வண்டின் சொந்தக்காரர்கள் சிலரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன்.

தென்னிந்திய முட்புதர்க் காடுகளில் 'ஆறு புள்ளி வண்டு' ஒன்று உண்டு. கட்டைவிரல் நீளம், கறுப்பு உடம்பில் ஆறு வெள்ளைப் புள்ளி. இதற்கும் 1775-ல் பெயர் வைத்தவர் பேப்ரீசியஸ்தான். இதற்குப் பறக்கத் தெரியாது. காலால் ஓடித்தான் பிழைப்பு. ஆனால் சீண்டினால் பின்பக்கத்திலிருந்து எறும்பு அமிலத்தைப் பீய்ச்சி அடிக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. குழந்தைகள் எடுத்து விளையாட விடாதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் கண்ணை நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வண்டின் மிரட்டலை நம்பிப் பிழைக்கிற இன்னொரு பூச்சி உண்டு. அது வண்டே அல்ல, ஒரு கரப்பான். கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளியோடு உருண்டையாக இருக்கும். அமிலமும் கிடையாது, கடியும் கிடையாது. சருகுக்கு அடியிலும் பொலபொலப்பான மண்ணிலும் ஒளிந்து வாழ்கிற சாது. ஆறு புள்ளி வண்டைப் போல வேஷம் போட்டிருப்பதால் மற்றப் பிராணிகள் பயந்து விலகுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். ராஜா வேஷம் கட்டிய கூத்தாடியைப் பார்த்து ஊரே ஒதுங்கி வழிவிட்டது போல! இந்தக் கரப்பானின் அறிவியல் பெயரில் ஜேம்ஸ் பெட்டிவர் என்பவரின் பெயர் இருக்கிறது. லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேய வைத்தியர்கள் இந்த வட்டாரத்துச் செடி கொடிகளைச் சேகரித்து அவருக்குக் கப்பலில் அனுப்பினார்கள்.

அடுத்தவர் 'வெடி வண்டு'. மஞ்சளும் கறுப்பும் கலந்த நிறம். ஈரமான இடங்களில் கல்லுக்கு அடியில் இருக்கும். சீண்டினால் 'டப்' என்று சின்னச் சத்தத்தோடு, கொதிக்கிற சூட்டில் ஒரு திரவத்தைப் பீய்ச்சும். வயிற்றுக்குள் தனித்தனியாக வைத்திருக்கிற இரண்டு சரக்குகளை அந்த நிமிடத்தில் ஒன்றாகக் கலந்து வெடிக்க வைக்கிறது. இந்த வண்டில் சில வகைகளின் புழு, பிள்ளைப்பூச்சியின் முட்டையைத் தின்றே வளர்கிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டறிந்திருக்கிறார்கள்.

நெல் வயலிலும் ஒரு தரை வண்டு இருக்கிறது. மெலிந்த உடம்பு, செம்பழுப்பு நிறம், முதுகிலே கறுப்புப் பட்டை. பயிர் மேலே ஏறி, இலைச் சுருட்டுப் புழு சுருட்டி வைத்திருக்கிற இலைக்குள்ளேயே புகுந்து புழுவைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழு வரை தின்னும். வரப்பு மண்ணில்தான் இது கூட்டுப்புழுவாக இருக்கும். வரப்பு என்பது நடக்கிற பாதை மட்டுமில்லை என்பது இப்போது புரிகிறதா?

இந்தக் குடும்பத்தின் உதவியை வெளிநாட்டார் விலை கொடுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பளிப்பூச்சி காட்டு மரங்களை மொட்டையடித்தபோது, அதைத் தின்கிற ஒரு தரை வண்டை 1905 முதல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்து விட்டார்கள். அது அங்கேயே குடியேறிப் பெருகிவிட்டது. நமக்கோ கப்பலும் வேண்டாம், காசும் வேண்டாம். வண்டு வரப்பிலேயே இருக்கிறது.

மருந்து போட்டால் என்ன ஆகும்?

முன்பெல்லாம் மண் பூச்சி என்றாலே பி.எச்.சி. தூள்தான். மூட்டை மூட்டையாகத் தூவினோம். அது மண்ணை விட்டுப் போகாத நஞ்சு என்று தெரிந்து 1997-ல் நாட்டில் தடை செய்தார்கள். பிறகு போரேட் குருணை வந்தது. அதற்கும் 2020-ஆம் ஆண்டு முடிவோடு தடை வந்துவிட்டது. எங்காவது பழைய சரக்கு என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். கீரை, கத்திரி, வெண்டை என்று நாலு நாளைக்கு ஒருமுறை பறித்துக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிற நிலத்தில் இப்படிப்பட்ட நஞ்சைப் போடுவது, சாப்பிடுகிறவர் இலையிலேயே போடுவதற்குச் சமம்.

இப்போது அந்த ஒரு மாதம், ஓர் ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். நிலம் முழுவதும் மண்ணில் நஞ்சு போட்டால் வெட்டுப்புழுவும் சாகும், வண்டும் சாகும். முதல் வாரம் பார்த்தால் நிலம் சுத்தமாக இருக்கும். 'மருந்து நன்றாகப் பிடித்தது' என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அந்துப்பூச்சி பக்கத்து நிலத்திலிருந்து ஒரே ராத்திரியில் பறந்து வந்து நூற்றுக்கணக்கில் முட்டை வைத்துவிடும். ஒரு மாதத்தில் அடுத்த கூட்டம் தயார். அதைத் தின்ன வேண்டிய வண்டு பெருகி வர ஓர் ஆண்டு ஆகும். நடுவிலே காவலே இல்லை. அதனால் மறுபடியும் மருந்து. அதற்கு அடுத்த மாதம் இன்னொரு தடவை. கடன் ஏறுவது இப்படித்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டு இருந்தால் புழுவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. புழு கூட்டமாக வந்துவிட்டால் வண்டால் மட்டும் சமாளிக்க முடியாது. அது சில சமயம் மண்புழுவையும் பிடித்துத் தின்னும். ஆனால் புழு பத்து இருக்கிற காலத்திலேயே அதை ஐந்தாகக் குறைத்து வைக்கிற வேலையை அது செய்கிறது. அந்த வேலைக்கு அது கூலி கேட்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் நிலத்தில் எத்தனை காவல்காரர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பழைய டப்பாவோ பிளாஸ்டிக் டம்ளரோ போதும். அடியில் இரண்டு மூன்று சின்ன ஓட்டை போட்டு, வாய் தரை மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி மண்ணில் புதையுங்கள். நாலு கூழாங்கல் வைத்து அதன் மேல் ஓர் ஓட்டுச் சில்லை மூடி போல வையுங்கள். ராத்திரி ஓடுகிற வண்டு அதில் விழும். காலையில் எண்ணிவிட்டு, வரப்போரம் விட்டுவிடுங்கள். நாலைந்து இடத்தில், நாலைந்து நாள் இப்படிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். வண்டு கொடுக்கால் கிள்ளும், அதனால் கையால் எடுக்காமல் குச்சியால் தள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வரப்பை மழமழவென்று செதுக்காதீர்கள். ஒரு பக்கமாவது புல் இருக்கட்டும். இங்கிலாந்தில் நிலங்களைப் பெரிது பெரிதாக ஆக்குவதற்காக வரப்பையும் வேலியையும் அழித்தார்கள். பிறகு பூச்சி அதிகமாயிற்று. 1980-களின் கடைசியில், வயலின் நடுவிலே மறுபடி மண்ணைக் குவித்துப் புல் வளர்த்து, அதற்கு 'வண்டுக் கரை' என்றே பெயர் வைத்தார்கள். அவர்கள் இழந்து திரும்பக் கட்டினதை நாம் இழக்காமலே வைத்துக்கொள்ளலாம். கோடை உழவு செய்வது நல்லதுதான். கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். அந்த நேரத்தில் வண்டுகள் ஒதுங்கி நிற்க இடம் வேண்டுமே, அது வரப்புதான்.

மூன்றாவது, வெட்டுப்புழுவுக்கு. காலையில் அறுபட்ட செடியைச் சுற்றி விரலால் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். சாயங்காலம் பாத்திக்கு நடுவே அங்கங்கே பிடுங்கிய புல்லைச் சிறு குவியலாக வையுங்கள். ராத்திரி மேய்ந்த புழு விடியும்போது அதற்கடியில் வந்து ஒளியும். காலையில் குவியலைத் தூக்கிப் புழுவைப் பொறுக்கிவிடலாம். அங்கே கறுப்பு வண்டு இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; அதுவும் புழுவைத் தேடித்தான் வந்திருக்கிறது. நிலத்தைச் சுற்றி ஆமணக்கு நட்டால் அந்துப்பூச்சி அதிலே முட்டை வைக்கும். முட்டைக் குவியல் உள்ள இலையைக் கிள்ளி அழித்துவிடலாம்.

நான்காவது, வேர்ப்புழுவுக்கு. கோடையின் முதல் மழை பெய்த ராத்திரிகளில் அதன் தாய் வண்டு மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு போன்ற மரங்களில் மொய்க்கும். கிளையை உலுக்கி, விழுகிற வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஊரே சேர்ந்து இரண்டு மூன்று ராத்திரி செய்தால் பலன் நன்றாகத் தெரியும். விளக்குப் பொறி வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிச்சத்துக்குத் தரை வண்டும் வந்து விழும். இடுப்பு ஒடுங்கியவனைப் பார்த்துப் பிரித்து விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, தென்னை வைத்திருக்கிறவர்கள் எருக்குழியைக் கிளறி வெள்ளைப் புழுவைப் பொறுக்குங்கள். ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் தோப்பில் வைத்தால் காண்டாமிருக வண்டு அந்த வாசனைக்கு வந்து விழும். சந்தேகம் இருந்தால், பூச்சியை ஒரு டப்பாவில் போட்டுத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ எடுத்துக்கொண்டு போங்கள். பேர் தெரிந்துகொண்டு மருந்து வாங்குங்கள். மருந்து வாங்கிவிட்டுப் பேர் கேட்காதீர்கள்.

மண் இருக்கிறவரை

கடைசியாக ஒன்று. முல்லைக்கொடியின் பெயரால் திருமுல்லைவாயில், பூவின் பெயரால் பூவிருந்தவல்லி என்று ஊர்ப் பெயரிலேயே தோட்டம் வைத்திருந்த வட்டாரம் நம்முடையது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019-ல் ஆவடியே ஒரு மாநகராட்சி ஆகிவிட்டது. வேலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயலுக்கும் வயலுக்கும் நடுவே தார் ரோடும் மனைக்கட்டும் வந்துவிட்டன. பறக்காத வண்டுக்குத் தார் ரோடு ஒரு மதில் சுவர் மாதிரி. வெளிநாட்டில் வண்டுகளுக்கு அடையாளம் போட்டு விட்டுப் பார்த்தார்கள். ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போனவை மிகமிகக் கொஞ்சம்.

அப்படியென்றால், உங்கள் நிலத்தில் வண்டு ஒருமுறை அழிந்தால், அடுத்த நிலத்திலிருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் குறைவு. நாலு பக்கமும் வீடு வந்துவிட்ட அரை ஏக்கர் கீரைத் தோட்டம் ஒரு தீவு மாதிரி. அந்தத் தீவில் இருக்கிற காவல்காரர்கள்தான் அதற்கு மிச்சம். ஏரிக்கரையிலே கொஞ்சம் புதர், வரப்பிலே கொஞ்சம் புல், தோட்டத்து மூலையிலே நாலு கல், ஒரு பனை மட்டை. இவ்வளவு இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் கத்திரி விவசாயி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். குருணை வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு கூலியாள் வைத்து, ஐந்து நாள் காலையில் புழு பொறுக்கினார். அறுபட்ட இடத்தில் மறுநடவு செய்தார். டப்பாவில் கொண்டுவந்த வண்டுகளை அன்றைக்குச் சாயங்காலமே வரப்பிலே கொட்டினார். எல்லாம் காலை மடக்கிச் செத்தது போலக் கிடந்தன. "பாவம், செத்துப் போச்சுங்களே ஐயா" என்றார். "கொஞ்ச நேரம் நில்லுங்கள்" என்றேன். இருட்டுகிற நேரத்தில் ஒன்றொன்றாகப் புரண்டு எழுந்து, புல்லுக்குள் நுழைந்து வேலைக்குப் போய்விட்டன.